கோப்பிக்காகக் காத்திருந்த நாட்டின் கோப்பி மேசை

1946ஆம் ஆண்டு பெப்ரவரி மாதக் கடைசியில், கடும் குளிருக்கு மத்தியில், பின்லாந்தின் தூர்க்கு துறைமுகத்துக்கு ஹெராக்லிஸ் என்ற கப்பல் வந்து சேர்ந்தது. பிரேசிலில் இருந்து அது ஏற்றி வந்தது கோப்பிக் கொட்டை. யுத்தம் முடிந்த பின்னர் அந்த நாட்டுக்கு வந்த முதலாவது கோப்பிக் கப்பல் அதுதான். அதைப் பார்ப்பதற்கென்றே சனம் கரையில் திரண்டு நின்றது. அதுவரை பல வருடங்களாக அவர்கள் குடித்து வந்தது கோப்பியல்ல. வறுத்த கம்பரிசி, பார்லி, சிக்கரி, காட்டுச் செடிகளின் வேர் என்று கைக்குக் கிடைத்ததை இடித்துக் காய்ச்சிய ஏதோ ஒரு கறுப்புத் தண்ணீர். கப்பல் வந்ததோடு தட்டுப்பாடும் தீர்ந்துவிடவில்லை. கோப்பிக்கான பங்கீட்டு அட்டை 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் ஒழிந்தது.

அதற்கு நான்கு வருடங்கள் கழித்து, 1958ஆம் ஆண்டளவில், லாஹ்தி நகரிலிருந்த அஸ்கோ தளபாட நிறுவனம் ஒரு கோப்பி மேசையை விற்பனைக்கு விட்டது. உயரம் குறைவு, மெல்லிய உலோகக் கால்கள். பார்ப்பவரின் கண் போய் நிற்பது மேற்பலகையில். வெளிர் மரமும் கருமரமும் மாறி மாறி மெல்லிய கீற்றுகளாக ஓடி, ஓர் இலையின் நரம்புகளைப் போல விரிந்து கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தூரிகையால் வரைந்தது போலத் தெரியும். கிட்டப் போனால்தான் அங்கே வர்ணமே இல்லை என்பது புரியும். ஒவ்வொரு கோடும் ஒரு மரத்தகட்டின் விளிம்பு.

அந்த மேசையை வடிவமைத்தவரின் பெயர் தாப்பியோ விர்க்கலா. இன்று உலகின் பெரிய ஏல விற்பனை நிலையங்களில் ஸ்கண்டிநேவியத் தளபாடம் என்ற பெயரில் அவருடைய மேசைகள் ஆயிரக்கணக்கான டொலருக்குக் கைமாறுகின்றன. (சரியாகச் சொன்னால் பின்லாந்து ஸ்கண்டிநேவியாவில் சேராது. ஆனால் சந்தைக்கு அந்தக் கணக்கு தேவைப்படுவதில்லை.) நம்மில் பலருக்குப் பின்லாந்து என்றால், போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கு ஆட்களை அனுப்பி 2006இல் அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்ட நோர்டிக் நாடுகளில் ஒன்று என்ற அளவில்தான் நினைவிருக்கும். அந்த நாடும் ஒரு காலத்தில் இடம்பெயர்ந்தவர்களால் நிறைந்திருந்தது. அந்தக் காலத்திலிருந்து வந்தவர்தான் விர்க்கலா.

அவர் பிறந்தது 1915ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் திகதி, நாட்டின் தென்முனையிலுள்ள ஹாங்கோ என்ற துறைமுகப் பட்டினத்தில். அப்போது பின்லாந்து தனிநாடு அல்ல, ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதி. 1917 டிசம்பரில் சுதந்திரம் வந்தது. அடுத்த மாதமே உள்நாட்டு யுத்தமும் வந்தது. விர்க்கலாவுக்கு மூன்று வயது நிறையும் முன்னர், 1918 ஏப்ரலில், அவர் பிறந்த அதே ஹாங்கோவில் ஜேர்மன் படைகள் வந்திறங்கின. அந்தச் சிறிய பட்டினத்தின் தலைவிதி அதோடு முடியவும் இல்லை. 1940இல் சோவியத் ஒன்றியம் அதைக் கடற்படைத் தளமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள, அங்கிருந்த மக்கள் முழுப் பேரும் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

தகப்பனார் இல்மாரி விர்க்கலாவின் தொழில் கொஞ்சம் வித்தியாசமானது. அவர் மயானங்களை வடிவமைப்பவர். எந்தப் பாதை எங்கே போக வேண்டும், கல்லறைக் கல் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எந்த மரத்தை எங்கே நட வேண்டும் என்பதெல்லாம் அவருடைய வேலை. தாயார் செல்மா மரச்செதுக்குக் கலை தெரிந்தவர். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை, சிற்ப வேலைக்குப் போனதில் ஆச்சரியம் எதுவுமில்லை. 1933இல் ஹெல்சிங்கியிலுள்ள பிரயோகக் கலைக் கல்லூரியில் அலங்காரச் சிற்பம் படிக்கச் சேர்ந்து 1936இல் வெளியே வந்தார். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்தார்.

1939 நவம்பர் 30ஆம் திகதி சோவியத் படைகள் எல்லையைக் கடந்தன. ஹெல்சிங்கி மீது குண்டு விழுந்தது. குளிர்கால யுத்தம் என்று அழைக்கப்படும் அந்தப் போர் 105 நாட்கள் நீடித்தது. பின்லாந்து தோற்று அடங்கிவிடவில்லைதான். ஆனால் 1940 மார்ச்சில் செய்துகொண்ட உடன்படிக்கையில் கரேலியா என்ற கிழக்குப் பிரதேசம் கைவிட்டுப் போனது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாடு, குதிரை, கட்டிய மூட்டை என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்தார்கள். அன்றைய சனத்தொகையில் இது பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

அடுத்த வருடம் ஜேர்மனியின் பக்கம் நின்று பின்லாந்து மறுபடியும் போருக்குப் போனது. அந்தத் தீர்மானம் சரியா பிழையா என்று அந்த நாட்டில் இன்றும் வாதிடுகிறார்கள். இழந்த நிலம் திரும்பக் கிடைத்தது. கரேலிய மக்களில் பெரும்பாலானோர் ஊருக்குத் திரும்பினார்கள். எரிந்துபோன வீட்டின் அத்திவாரத்தில் மறுபடியும் மரச்சுவர் எழுப்பினார்கள், வயலில் விதைத்தார்கள். 1944 கோடையில் களமுனை உடைந்தபோது அதே மூட்டையைக் கட்டிக்கொண்டு அதே பாதையால் இரண்டாவது தடவை வெளியேறினார்கள். அந்த முறை போனது போனதுதான்.

விர்க்கலாவும் அந்த ஆண்டுகளில் படையில் பணிபுரிந்தார். அவருடைய வயதையொத்த ஆண்களில் அநேகமாக எல்லோரும் அப்படித்தான். ஒரு விடயத்தை இங்கே சொல்ல வேண்டும். களத்தில் இறந்தவர்களை விழுந்த இடத்தில் புதைத்துவிட்டு வருவது பின்லாந்தின் வழக்கமல்ல. முடிந்த மட்டும் உடலைத் தேடியெடுத்து, ஒவ்வொருவரையும் அவரவர் பிறந்த ஊர்த் தேவாலய மயானத்துக்கே அனுப்பி வைத்தார்கள். இரு போர்களிலும் இறந்தவர்கள் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். ஆகவே நாட்டின் ஒவ்வொரு கிராமத்து மயானத்திலும் ஒரே அளவான சிறிய கற்கள் வரிசையாக முளைத்தன. மயானம் வடிவமைப்பவரின் மகன் அந்த வரிசைகளை எப்படிப் பார்த்திருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

போர்க்கால பின்லாந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் மரத்தில் இருந்து எடுத்தது என்றால் அது மிகையில்லை. பருத்தி வராதபடியால் படுக்கை விரிப்பும் துணியும் காகித நூலில் நெய்யப்பட்டன. தோல் இல்லாததால் சப்பாத்தின் அடிப்பாகம் மரக்கட்டை. பெற்றோல் இல்லாததால் கார்களும் லொறிகளும் விறகை எரித்து வரும் வாயுவில் ஓடின. விமானங்களும்கூட மரம்தான். பேர்ச் மரத்தை மெல்லிய தகடுகளாக உரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்திச் செய்த பிளைவூட் பலகையே இறக்கைகளுக்குப் பயன்பட்டது. மீர்ஸ்கி என்று ஒரு போர்விமானத்தை அவர்கள் சொந்தமாகவே செய்தார்கள். அந்தப் பெயருக்குப் புயல் என்று அர்த்தம். ஆனால் மழையிலும் ஈரத்திலும் ஒட்டுப்பசை இளகி இறக்கைப் பலகை பிரிந்தது. விமானிகள் உயிரிழந்த விபத்துகளும் நடந்தன.

ஒட்டிய தகடுகளால் ஆன அந்தப் பலகைக் குடும்பத்தைத்தான் யுத்தம் முடிந்த பிறகு விர்க்கலா கையிலெடுத்தார்.

அந்த வேலை என்னவென்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேசையின் கோடுகள் அங்கிருந்துதான் வருகின்றன. பனங்குற்றியைக் குறுக்காக, சரிவாக, நீளமாக என்று வெவ்வேறு விதமாக அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அதே கருநார்தான், ஆனால் ஒரு வெட்டில் அது புள்ளியாகத் தெரியும், இன்னொரு வெட்டில் நீண்ட கோடாகத் தெரியும். பனைக்கு இயற்கை கொடுத்ததை விர்க்கலா கையால் உண்டாக்கினார். மெல்லிய பேர்ச் தகடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி ஒட்டித் தடித்த கட்டையாக்கினார். தகடுகளுக்கு இடையே பசை உலர்ந்து மெல்லிய கருங்கோடாக நின்றது. பிறகு அந்தக் கட்டையைச் சாய்வாகக் குடையத் தொடங்கினார். உளி இறங்க இறங்க ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வோர் இடத்தில் வெளியே வந்தது. மேடு பள்ளத்தைக் காட்டும் நிலப்படத்தில் உயரக் கோடுகள் எப்படி வளைந்து ஓடுமோ, அப்படியே கோடுகள் கிண்ணத்தைச் சுற்றி ஓடின. அவர் செய்யவேண்டியிருந்தது வளைவைத் தீர்மானிப்பது மட்டும். கோட்டை மரம் பார்த்துக்கொண்டது. இந்த வேலைப்பாட்டைத் தாளலயப் பிளைவூட் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

சிலர் இதையெல்லாம் யுத்தத்தின் கதையாக்கி எழுதுவதுண்டு. உடைந்த அடுக்குகளை ஒட்டி எழுப்பிய நாடு என்ற மாதிரி. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. விர்க்கலா யுத்தத்தைச் செதுக்கியவர் அல்ல. அவர் செதுக்கியது இலை, சிப்பி, மீன், பறவை, காளான், பனிக்கட்டி. அதிகம் பேசாதவர் என்று பெயரெடுத்தவர். கையில் சுங்கானும் கத்தியும் கொண்டு ஒரு மரத்துண்டோடு நாட்கணக்கில் குந்தியிருக்கக்கூடிய மனிதர். யுத்தத்துக்குப் பின்னர் ஒரு மனிதன் யுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஓர் இலையைச் செய்துகொண்டிருப்பதும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

1945இல் அவர் ரூத் பிரீக்கைத் திருமணம் செய்தார். ரூத் சுவீடனில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. ரூத் 1942 முதல் ஹெல்சிங்கியின் அராபியா மட்பாண்டத் தொழிற்சாலையில் கலைஞராக இருந்தவர். விர்க்கலாவின் மனைவி என்று மட்டும் ரூத்தைச் சொல்லிக் கடந்துபோவது நியாயமில்லை. மண்ணில் அவர் செய்த வேலை கணவரின் மரவேலைக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

அடுத்த வருடம், அந்தக் கோப்பிக் கப்பல் வந்த அதே 1946இல், ஈத்தலா கண்ணாடித் தொழிற்சாலை ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தது. விர்க்கலாவும் காய் பிராங்க் என்பவரும் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். காளானைப் போல வாய் விரிந்த, உடல் முழுவதும் மயிரிழைக் கோடுகள் கீறிய கண்ணாடிச் சாடி அந்தக் காலத்து வேலைதான். அங்கேயும் கோடுகள். அடுத்த ஆண்டு பின்லாந்து வங்கியின் நாணயத்தாள் போட்டியிலும் வென்றார். 1955இல் அவர் வடிவமைத்த தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. கடைக்குப் போகும் ஒவ்வொருவர் பையிலும் அவருடைய கைவேலை இருந்தது என்று சொல்லலாம்.

உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1951இல். இத்தாலியின் மிலான் நகரில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வடிவமைப்புக் கண்காட்சிக்குப் பின்லாந்தும் போனது. கையில் பெரிதாகக் காசில்லை. அப்போதும் அந்த நாடு சோவியத் ஒன்றியத்துக்கு யுத்த நட்டஈடு கட்டிக்கொண்டிருந்தது. 300 மில்லியன் டொலர் பெறுமதியான கப்பலும் இயந்திரமும் மரமும் கடதாசியும் ரயில் ரயிலாக எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தன. கடைசித் தவணை போய் முடிந்தது 1952இல். பின்லாந்துக் கூடத்தை ஒழுங்கமைத்தவரும் விர்க்கலாதான். கண்காட்சிக் கூடத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, மரச் சிற்பங்களுக்கு ஒன்று என மூன்று அதியுயர் விருதுகள் அவருக்கு மட்டும் கிடைத்தன. ரூத்துக்கும் மட்பாண்டத்துக்காக அதே அதியுயர் விருது. அதே ஆண்டு, பிளைவூட்டில் குடைந்த இலை வடிவத் தட்டமொன்றை அமெரிக்காவின் ஹவுஸ் பியூட்டிபுல் சஞ்சிகை அவ்வருடத்தின் மிக அழகான பொருளாகத் தெரிவு செய்தது. டென்மார்க்கின் புகழ்பெற்ற கதிரை வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னருடன் சேர்த்து, முதன்முதலாக வழங்கப்பட்ட லுன்னிங் பரிசும் அவருக்கு வந்தது.

இந்தப் புகழில் அரசியலும் இருந்தது. பெரிய வல்லரசின் வாசலில் குந்தியிருந்த சிறிய நாடு, தான் இன்னும் இருக்கிறேன், தனியாக இருக்கிறேன் என்று மேற்குலகுக்குக் காட்ட வேண்டிய தேவையில் இருந்தது. இராணுவத்தாலோ கூட்டணியாலோ அதைக் காட்ட வழியில்லை. கிண்ணமும் சாடியும் மேசையும் அதற்கு உதவின. 1952இல் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விளையாட்டும் நடந்து முடிந்தபோது, பின்லாந்து என்றால் தோற்ற நாடு என்பதை விட அழகான பொருட்கள் செய்யும் நாடு என்ற எண்ணம் வெளியில் பரவத் தொடங்கியிருந்தது. கலைஞனின் விருப்பமும் அரசின் விருப்பமும் ஒரே திசையில் போகும் காலம் எப்போதாவதுதான் வாய்க்கும். விர்க்கலாவுக்கு அது வாய்த்தது.

அந்த மரச் சிற்பங்கள் பலவும் ஹெல்சிங்கியில் இருந்த சோய்னே என்ற பட்டறையில் உருவானவை. அங்கே மார்த்தி லிண்ட்குவிஸ்ட் என்ற தேர்ந்த ஓடாவி இருந்தார். தகடுகளைப் பிசகாமல் ஒட்டுவதும், அழுத்துவதும், விர்க்கலாவின் மாதிரிக்கு ஏற்ப உருவத்தைக் கொண்டுவருவதும் அவர் கைப்பட நடந்தது. ஏலப் பட்டியல்களில் சிறிய எழுத்தில் அவர் பெயரும் வருகிறது. பெரிய எழுத்தில் வருவது ஒருவர் பெயர் மட்டுமே.

1951 முதல் 1954 வரை தான் படித்த அதே கல்லூரிக்கு விர்க்கலா கலைத்துறைத் தலைவராக இருந்தார். 1955இல் நியூயோர்க் போய், கார், ரயில், குளிர்சாதனப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் உருவம் கொடுத்துப் பேரெடுத்த ரேமண்ட் லோவியின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அங்கேயே தங்கியிருந்தால் பணம் சேர்த்திருக்கலாம். ஆனால் அடுத்த வருடமே திரும்பி வந்துவிட்டார். பெரிய அலுவலகத்தில் பலர் கூடிச் செய்யும் வேலையும், கத்தியை எடுத்துத் தானே மாதிரி செய்து பார்த்தால் ஒழியத் திருப்திப்படாத மனமும் எப்படி ஒத்துப்போகும்? வந்த பிறகு ஜேர்மனியின் ரோசந்தால் பீங்கான் நிறுவனத்துக்கும், பின்னர் இத்தாலியின் வெனினி கண்ணாடிக்கும் வடிவமைத்துக் கொடுத்தார். தளபாடத்தின் பக்கம் வந்தது இந்தக் காலத்தில்தான்.

அஸ்கோ நிறுவனம் இருந்த லாஹ்தி ஒரு சாதாரண நகரமல்ல. கரேலியாவின் தலைநகராக விளங்கிய வீபூரி கைவிட்டுப் போனபோது, அங்கிருந்த வியாபாரிகளும் தொழில் நிலையங்களும் தொழிலாளரும் பெருமளவில் வந்து குடியேறிய இடம் லாஹ்தி. தளபாடத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் என்பதால் அங்கே வேலையும் கிடைத்தது. அஸ்கோ நாட்டின் மிகப் பெரிய தளபாட நிறுவனங்களுள் ஒன்று.

குடைந்த இலைத் தட்டத்தை ஆயிரக்கணக்கில் செய்ய முடியாது, ஒவ்வொன்றும் தனித்தனிக் கைவேலை. மேசையில் வேறு வழி தேட வேண்டியிருந்தது. மேசைப் பலகை தட்டையானது, குடைய முடியாது. ஆகவே நிறம் வேறுபட்ட மரத்தகடுகளை மாறி மாறி அடுக்கி ஒட்டி, அந்த அடுக்கைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, விளிம்பு மேலே தெரியும்படி திருப்பிப் பொருத்தினார்கள். குடைந்ததில் தானாக வளைந்த கோடு இங்கே கணக்குப் போட்டுப் பொருத்தப்பட்டது. பேர்ச் போன்ற வெளிர் மரம் அவர்களுடைய காட்டில் கிடைத்தது. தேக்கு போன்ற கருமரம் கடல் கடந்து வந்தது. தாய்லாந்திலும் பர்மாவிலும் வெட்டிய தேக்குதான் 1950களில் ஸ்கண்டிநேவியத் தளபாடங்களுக்குக் கப்பலேறியது. குளிர்நாட்டின் அடையாளமாக உலகம் கொண்டாடும் அந்த மேசையில் வெயில் நாட்டு மரத்தின் கோடும் ஓடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். அந்த மேசையை வாங்கியவர் யார்? இரண்டு தடவை வீட்டை விட்டுவந்த கரேலியக் குடும்பமா?

பெரும்பாலும் இல்லை. இடம்பெயர்ந்தவர்களுக்கும், போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கும், விதவைகளுக்கும் காணி கொடுப்பதற்கென்று 1945இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி காணி பெற்றவர்கள் ஒரே மாதிரியான சிறிய மரவீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கூர்மையான கூரை, நடுவில் புகைபோக்கி, சுற்றி நாலு அறை. முன்னாள் போர்வீரர் வீடு என்று இன்றும் அவற்றை அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு முதலில் தேவைப்பட்டது கட்டிலும் சாப்பாட்டு மேசையும். இலை வரைந்த கோப்பி மேசை அல்ல.

விர்க்கலாவோடு பரிசைப் பகிர்ந்த காய் பிராங்க் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் பிறந்தது வீபூரியில், அதாவது இழந்துபோன நகரத்தில். 1953இல் கில்தா என்ற பெயரில் அவர் வடிவமைத்த தட்டுகளும் கோப்பைகளும் பூவும் கோடும் இல்லாதவை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், ஒவ்வொன்றாக வாங்கலாம், அடுப்பிலும் வைக்கலாம், உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். சின்னக் குசினிக்கென்றே செய்தவை. பிற்காலத்தில் அவர் ஒரு படி மேலே போய், அன்றாடப் பொருளுக்கு வடிவமைப்பாளரின் பெயரே வேண்டாம் என்று வாதாடினார். நாடு முழுக்க நட்சத்திர வடிவமைப்பாளர்களைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. நட்சத்திரங்களில் முதலாவது விர்க்கலா.

இருவரில் யார் பக்கம் நிற்பது என்று கேட்டால், பசியையும் நெருக்கடியையும் அறிந்தவர்களின் மனம் பிராங்கின் பக்கம்தான் போகும். என் மனமும் முதலில் அங்கேதான் போகிறது. ஆனால் அழகான பொருள் வசதியானவனுக்கு மட்டும் உரியது, அகதிக்கு அலுமினியத் தட்டு போதும் என்று நாமே ஒப்புக்கொள்வதிலும் ஒரு தவறு இருக்கிறது. விர்க்கலாவின் மேசை கரேலியக் குடும்பத்தின் வீட்டுக்குள் போகாமல் இருந்திருக்கலாம். அந்த மேசை போன்ற பொருட்கள் வெளிநாட்டுக்கு விலைபோனதால் லாஹ்தியில் பலருக்குச் சம்பளம் கிடைத்தது. விர்க்கலாவும் விலை உயர்ந்ததை மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஹாக்மன் நிறுவனத்துக்காக, பின்லாந்துக்காரர் இடுப்பில் செருகும் பூக்கோ என்ற சிறுகத்தியை அவர் புதிதாக வடிவமைத்தார். மீன் வெட்டவும் குச்சி சீவவும் பயன்படும் சாமான் அது. அவர் கையை விட்டு அகலாத கருவியும் அதுதான்.

வடக்கே லாப்லாந்து அவரை ஈர்த்தது. இனாரிப் பிரதேசத்தில் ஏரிக்கரையொன்றில் மரக்குடில் அமைத்து, ரூத்தும் இரண்டு பிள்ளைகளுமாகக் கோடைகாலத்தை அங்கே கழிக்கத் தொடங்கினார்கள். அமைதி தேடிப் போன இடம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த அமைதிக்கு அப்போது வயது மிகக் குறைவு. 1944இன் கடைசியில் பின்வாங்கிய ஜேர்மன் படைகள் லாப்லாந்தைத் தீயிட்டுக்கொண்டே போனார்கள். ரொவானியெமி நகரம் கிட்டத்தட்ட முற்றாகச் சாம்பலானது. வீடு, பாலம், தொலைபேசிக் கம்பம் எதையும் விடவில்லை. வீதியோரங்களில் புதைத்த கண்ணிவெடிகளை அகற்ற வருடக்கணக்கானது. போர் முடிந்த பின்பும் அவற்றில் சிக்கி மக்கள் இறந்தார்கள். பதினைந்து இருபது வருடங்களில் அந்த மண்ணில் பற்றை முளைத்து மூடிவிட்டது. விர்க்கலா குடும்பம் மீன் பிடித்தது, விறகு வெட்டியது, அவர் மரத்தைச் செதுக்கினார்.

லாப்லாந்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது பனிக்கட்டி உருகும் விதத்தை. 1960இல் வடக்கத்திய ஏரியொன்றின் பெயரால் பாதார் பனி என்ற கண்ணாடிச் சிற்பம். 1967இல் கனடாவின் மொன்றியலில் நடந்த உலகக் கண்காட்சிக்காக ஒரு முழுச் சுவர் அளவுக்குப் பிளைவூட்டில் குடைந்த சிற்பம். உலகின் கடைக்கோடி என்று பொருள்படும் உல்திமா தூலே என்பது அதன் பெயர். தாம்பாளம் அளவில் தொடங்கிய இலைத் தட்டத்தின் கோடுகள் அங்கே ஆறுகளாக ஓடின. அடுத்த வருடம் அதே பெயரில் உருகும் பனியின் துளிகள் வழிவது போன்ற கண்ணாடிக் குவளைகள் ஈத்தலாவில் இருந்து வந்தன. அந்த மேற்பரப்பைக் கொண்டுவர ஊதுபவர்களோடு அவர் மிக நீண்ட காலம் மினக்கெட்டார். 1969இல் பின்லாந்து விமான நிறுவனம் நியூயோர்க்குக்குப் பறக்கத் தொடங்கியபோது பயணிகளுக்கு அந்தக் குவளையில்தான் பானம் கொடுத்தது. இன்றும் அது விற்பனையில் இருக்கிறது.

மற்றதெல்லாம் கௌரவங்கள். 1971இல் லண்டன் ரோயல் கலைக் கல்லூரியின் கௌரவ கலாநிதிப் பட்டம், 1972இல் பின்லாந்து அரசின் அக்கடமீசியன் என்ற பட்டம்.

1985ஆம் ஆண்டு மே 19ஆம் திகதி, எழுபது வயது நிறைய இரண்டு கிழமை இருக்கையில், தாப்பியோ விர்க்கலா காலமானார். ரூத் பிரீக் அவருக்குப் பின் பதினான்கு வருடங்கள் வாழ்ந்தார். பனிக்கட்டிகள் உடைந்து மிதந்து செல்வதைக் காட்டும் பெரிய மட்பாண்டச் சிற்பமொன்றை அந்த ஆண்டுகளில் செய்து முடித்தார். அது இப்போது பின்லாந்து ஜனாதிபதியின் இல்லத்தில் இருக்கிறது. இருவரது படைப்புகளும் எஸ்போ நகர அருங்காட்சியகத்தில் மக்களுக்காக வைக்கப்பட்டுள்ளன.

மேசைகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. இன்று அவற்றை வாங்க வருபவர்கள் முதலில் மேற்பலகையைச் சாய்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறார்கள். தகடு எங்காவது கிளம்பியிருக்கிறதா, கீற்று ஏதும் உதிர்ந்திருக்கிறதா, பிற்காலத்தில் யாராவது மினுக்கியிருக்கிறார்களா என்று தேடுகிறார்கள். சூடான கோப்பைகள் பதித்துவிட்டுப் போன வெள்ளை வட்டங்கள் இருந்தால் அதையும் குறையாகக் குறித்துக்கொண்டு, விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள்.